412 கிலோ துணி போனது, 381 கிலோ வந்தது: ஒரு பனியன் கம்பெனி கணக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்த விதம்

2023 ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த ஆபீஸில் ஒவ்வொரு பில்லையும் இரண்டு தடவை அடித்தார்கள். முதலில் பழைய மென்பொருளில், அப்புறம் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய எல்லோருக்கும் அந்த மாதம் 1-ஆம் தேதி முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகியிருந்தது. தீபாவளிச் சரக்கு ஏறும் நேரம் வேறு. லாரி வாசலில் நிற்கும். அந்தத் தளம் ஒவ்வொரு பில்லுக்கும் தரும் ஐஆர்என் எண் வராமல் பில் வெளியே போகாது. ஒருநாள் பில் போடும் தம்பி 1,18,000 என்பதை அவசரத்தில் 1,81,000 என்று தளத்தில் அடித்துவிட்டார். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். தவறு தெரிந்தது மூன்றாம் நாள், கொல்கத்தா பார்ட்டி போன் செய்தபோது. அதன் பிறகு கிரெடிட் நோட், அதாவது பில்லில் கூடிப்போன தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு, போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது.

அந்தக் கிரெடிட் நோட்டுக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். சிறு தொழில்களுக்குக் கணக்கு முறை அமைத்துக் கொடுப்பது என் வேலை. அவர்கள் அனுமதியோடு, பெயர் இல்லாமல், நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் சோதித்த மென்பொருள்களின் பெயரும் இதில் வராது. எங்களுக்கு ஒத்துவராத ஒன்று பக்கத்துத் தெரு கம்பெனிக்கு அருமையாக ஒத்துவரலாம். எப்படிச் சோதித்தோம் என்பதைத்தான் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள முடியும்.

கம்பெனி திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம். டீ-ஷர்ட், டிராக் பேன்ட், குளிர்காலத்துக்கு ஹூடி. எல்லாம் உள்நாட்டு விற்பனை: கொல்கத்தா, டெல்லி, கொஞ்சம் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தை. பிரைவேட் லிமிடெட். விற்பனை 8 கோடி அளவில். சொந்தக் கட்டடத்தில் நடப்பது கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், பாதிக்கு மேல் தையல் எல்லாமே ஜாப் ஒர்க், வெளியே கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது. அதாவது சரக்கில் பெரும்பகுதி எந்த நாளிலும் அடுத்தவர் கூரைக்குக் கீழேதான் கிடக்கும். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆனால் முதல் ஒரு மாதம் அது எங்கள் கண்ணில் படவில்லை.

முதல் மாதம் வீணானது எப்படி

டிசம்பரில் வேலையை ஆரம்பித்தோம். முதலாளியின் மகள்தான் இப்போது நிர்வாகம் பார்க்கிறார். அவரும் நானும் உட்கார்ந்து ஒரு பெரிய அட்டவணை போட்டோம். 47 வரிகள். ஜிஎஸ்டி அறிக்கை, வங்கிச் சரிபார்ப்பு, மொபைலில் பார்க்கும் வசதி, வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது, பார்கோடு, பட்ஜெட் எனக் கையில் கிடைத்த விளம்பரத் தாள்களில் இருந்ததையெல்லாம் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். ஆறு மென்பொருள்களின் ஆட்கள் வந்து டெமோ காட்டினார்கள்.

எல்லாமே 180-க்கும் 200-க்கும் நடுவில் வந்து நின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசமே இல்லை என்று அந்தத் தாள் சொன்னது. அது உண்மையாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் பில் போவதற்கும், சட்டப்படி இருந்தே தீரவேண்டிய ஒன்றுக்கும் ஒரே 5 மதிப்பெண் கொடுத்திருந்தோம். அதோடு, டெமோவில் ஓடியதெல்லாம் விற்பனையாளர் தயாராக வைத்திருந்த மாதிரிக் கம்பெனியின் கணக்கு. அந்தக் கம்பெனி ஒரு பொருளை வாங்கும், அதே பொருளை விற்கும். எந்த மென்பொருளும் அதில் தடுக்கி விழாது.

முதலாளி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இத்தனை நாள் பார்த்தும் எது நல்லதுன்னு தெரியலைங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

பதில் கிடைத்தது கணக்குப் பார்க்கும் பெரியவரிடம். 58 வயது. கம்பெனி ஆரம்பித்த நாள் முதல் இருக்கிறார். அதுவரை எந்த டெமோவிலும் அவரை உட்கார வைக்கவில்லை. அது என் பிழை. "அண்ணா, உங்களை ரொம்பப் படுத்துற வேலை எது?" என்று கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து, கார்பன் வைத்து எழுதிய டிசி (டெலிவரி சலான், சரக்கு வெளியே போகும்போது எழுதும் சீட்டு) புத்தகங்கள் நான்கை எடுத்து வைத்தார். "இதுதாங்க மேடம். இது கம்ப்யூட்டர்ல ஏறுனா மத்ததெல்லாம் தானா ஏறிரும்."

டிசி புத்தகத்தில் ஒரு பக்கம்

அவர் பிரித்துக் காட்டிய பக்கத்தில் இப்படி இருந்தது. கிரே துணி (இன்னும் சாயம் போடாதது), 18 ரோல், 412.600 கிலோ, நேவி ப்ளூ, டையிங்குக்கு. அதற்கு நேராக, பதினோரு நாள் கழித்து வேறு மையில், 18 ரோல், 381.350 கிலோ. ஓரத்தில் பென்சிலால் 31.250 என்று எழுதி, 7.6 சதவீதம் என்று வட்டம் போட்டிருந்தார். சாயப்பட்டறையோடு பேசி வைத்த கழிவு அளவை ஒட்டி இருந்தால் வட்டம், தாண்டினால் பெருக்கல் குறி. ஒவ்வொரு புத்தகத்திலும் ஏழெட்டுப் பெருக்கல் குறிகள் இருந்தன. அத்தனையும் பணம். கேட்டு வாங்கியிருக்க வேண்டிய பணம்.

இந்த ஒரு வரிக்குள் கணக்கு மென்பொருள் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். போனது கிரே துணி, வந்தது நேவி ப்ளூ துணி. அதாவது பொருளின் பெயரே மாறிவிட்டது. எடை குறைந்துவிட்டது. இடம் மாறியது, ஆனால் சொந்தம் மாறவில்லை. எனவே விற்பனையும் இல்லை, வாங்கலும் இல்லை. சாயக் கூலி இந்தத் துணியின் அடக்கத்தில் ஏற வேண்டும். இதற்கு அடுத்த கட்டத்தில் கிலோ போய் பீஸாக வரும், அளவையும் மாறும்.

சட்டமும் இதே வரியில்தான் வந்து நிற்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆவது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். என்ன போனது, என்ன வந்தது என்பதை ஐடிசி-04 படிவத்தில் தர வேண்டும். 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அக்டோபர் 25-க்குள்ளும் ஏப்ரல் 25-க்குள்ளும். இதைப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் நான்கு நாள் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துக் கையால் தயாரித்துக்கொண்டிருந்தார். நான் புரட்டிய அன்று, எம்ப்ராய்டரிக்குப் போன 260 பீஸ் பதினோரு மாதமாகத் திரும்பாமல் இருந்தது கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி எடுத்து வரச் செய்தோம்.

47 வரி அட்டவணையை அத்தோடு விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக 2023 அக்டோபர் மாதக் காகிதங்கள் மொத்தத்தையும் ஒரு பெட்டியில் போட்டோம். தீபாவளிக்கு முந்தைய மாதம் என்பதால் அதில் எல்லாக் குழப்பமும் இருக்கும்: டிசி, ஜாப் ஒர்க் பில், திரும்பி வந்த சரக்கு, ஏஜென்ட் கமிஷன், தள்ளுபடி, வங்கியில் யார் போட்டது என்று தெரியாத வரவு. விற்பனையாளர்களிடம், "உங்கள் மாதிரிக் கம்பெனி வேண்டாம். இந்தப் பெட்டியில் இருப்பதை எங்கள் முன்னால் ஏற்றிக் காட்டுங்கள்" என்றோம். ஆறு பேரில் மூன்று பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். வராத மூவரைப் பற்றி அதற்கு மேல் ஆராய வேண்டியிருக்கவில்லை.

இது புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. டேலி என்ற கணக்கு மென்பொருள் பிறந்த கதையே இதுதான். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் துணி ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் கொடுத்துவந்த எஸ்.எஸ். கோயங்கா, தன் தொழிலுக்குப் பொருந்தும் மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த தன் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் இருவருமாகக் கம்பெனி தொடங்கினார்கள். கையில் இருக்கும் கணக்குத்தான் முதலில், கருவி அதற்கு அப்புறம். எல்லோராலும் சொந்தமாக எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் சொந்தக் காகிதத்தைப் போட்டுச் சோதிக்க எல்லோராலும் முடியும்.

மூன்று மென்பொருள், ஒரு பெட்டி

முதலாவது, கணினியில் நிறுவிக்கொள்ளும் பொதுவான கணக்கு மென்பொருள். இரண்டாவது, இணையம் வழியாகப் பயன்படுத்தும் மாதச் சந்தா வகை. மூன்றாவது, பனியன் தொழிலுக்கென்றே எழுதப்பட்டது.

டிசி சோதனையில் மூன்றாவது எல்லோரையும் அசத்திவிட்டது. 412.600 கிலோவை ஏற்றி, 381.350 வரவு வைத்து, கழிவு சதவீதம் சிவப்பில் வருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரியவர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். அவர் பென்சிலால் செய்ததை அது தானாகச் செய்தது. முதலாளியின் மகள் அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவதில் போன பொருளும் வந்த பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டியிருந்தது. கிரே துணியை நேவி ப்ளூவாக மாற்ற, அந்த ஆள் ஒவ்வொரு டிசிக்கும் தனியாக ஒரு சரிக்கட்டல் பதிவு போட்டார். எங்களுக்கு மாதம் 300 டிசி. 300 சரிக்கட்டல் பதிவு போடுவதற்குப் பெரியவரின் புத்தகமே மேல்.

முதலாவதில் வந்தவர் மூன்று மணி நேரம் தடுமாறினார். வழி இருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் வேறொருவர் வந்து, சரக்கு வெளியே, சரக்கு உள்ளே என்ற இரண்டு வவுச்சர்களில் அதைச் செய்து காட்டினார். மூன்றாவதைப் போல வழவழப்பாக இல்லை. கூடுதலாகச் சில திரைகள். ஆனால் எடை, பெயர் மாற்றம், கூலி மூன்றும் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மென்பொருளை மட்டும் நாம் வாங்குவதில்லை, அதைச் சொல்லித்தரும் ஆளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். இரண்டாவதாக வந்தவரின் பெயரைக் குறிப்பிட்டு, நிறுவும் வேலையை அவர்தான் செய்ய வேண்டும் என்று பிறகு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம்.

அழிக்க முடிகிறதா என்று பார்த்தோம்

அடுத்த சோதனையை நானே செய்தேன். ஒரு பில் போட்டேன். சேமித்தேன். தொகையை மாற்றினேன். தேதியை ஒரு மாதம் பின்னால் தள்ளினேன். லெட்ஜரை, அதாவது பில் யார் கணக்கில் ஏறுகிறது என்பதை, மாற்றினேன். கடைசியில் பில்லையே அழித்தேன். அப்புறம் விற்பனையாளரிடம், "நான் என்னென்ன செய்தேன், காட்டுங்கள்" என்றேன்.

கம்பெனிச் சட்டத்தின் கீழ் உள்ள 2014-ஆம் ஆண்டு கணக்கு விதிகளில், 3(1)-ஆவது விதியோடு ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கம்பெனியாகப் பதிவு செய்த எவரும், ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் மென்பொருளைத்தான் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றித் தனியாக எழுதியாக வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. இவர்கள் பிரைவேட் லிமிடெட், எனவே தப்ப முடியாது.

முதல் இரண்டும் தேறின. யார், எப்போது, முன்பு என்ன இருந்தது, பின்பு என்ன ஆனது எல்லாம் வந்தது. மூன்றாவதிலும் பதிவு இருந்தது. ஆனால் அமைப்புகள் பக்கத்தில் அதற்கு ஒரு சின்னக் கட்டம். டிக்கை எடுத்தால் பதிவு நின்றுவிடும். நான் எடுத்தேன், நின்றது. மறுபடி போட்டேன். இடையில் நடந்த எதற்கும் தடயம் இல்லை.

வந்திருந்தவர், "அது அட்மினுக்கு மட்டும்தாங்க மேடம், ஓனர் கையில்தானே இருக்கும்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சட்டம் கவலைப்படுவதே ஓனர் கையைப் பற்றித்தான். சட்டத்தை விடுங்கள், பெரியவருக்காகவும் நான் இதில் பிடிவாதமாக இருந்தேன். பணம் குறைந்தால் முதலில் சந்தேகம் விழுவது கணக்கு எழுதுபவர் மேல். அவர் தொடவில்லை என்று காட்டுவதற்கு, யாராலும் நிறுத்த முடியாத ஒரு பதிவு இருந்தால் அது அவருக்குத்தான் பாதுகாப்பு. இதைச் சொன்ன பிறகு அவருக்குப் புது மென்பொருள் மேல் இருந்த பயம் பாதி போனது.

மூன்றாவது கம்பெனி, கட்டத்தை நீக்கித் தருவதாகச் சொன்னது. பிப்ரவரி 15 வரை காத்திருந்தோம். வரவில்லை. டிசி திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டியதாயிற்று. முதலாளியின் மகளுக்கு அதில் வருத்தம். எனக்கும் லேசான வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்று இருப்பதற்குத்தான் மதிப்பெண் போட முடியும், வரப்போவதற்கு அல்ல.

ஒரே பட்டறை, நான்கு பெயர்

பழைய கணக்கிலிருந்து பார்ட்டி பட்டியலை எடுத்து ஏற்றியபோது இன்னொன்று வெளியே வந்தது. ஒரே பவர் டேபிள்காரர், அதாவது நமக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறைக்காரர், நான்கு லெட்ஜர்களில் இருந்தார். ஒன்றில் முன்னெழுத்தோடு, ஒன்றில் இல்லாமல், ஒன்றில் கடைப் பெயரில், ஒன்றில் எழுத்துப்பிழையோடு. பில் அவசரத்தில் வரும், பட்டியலில் தேட நேரமில்லை, புதிதாக ஒன்றைத் திறந்துவிடுவார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

விளைவு என்ன? அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவுப்படி, ஒரு ஜாப் ஒர்க்காரருக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது ஆண்டில் மொத்தமாக 1 லட்சத்துக்கு மேல் போனால் டிடிஎஸ், அதாவது கொடுக்கும் பணத்திலேயே வரி, பிடிக்க வேண்டும். தனிநபர் என்றால் 1 சதவீதம். இவருக்கு ஒவ்வொரு லெட்ஜரிலும் 60,000, 40,000 என்றுதான் இருந்தது. நான்கையும் கூட்டினால் லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. டிடிஎஸ் பிடிக்கவே இல்லை. பிடிக்காமல் விட்டால் வட்டியும் உண்டு, அந்தச் செலவில் 30 சதவீதத்தை லாபத்தில் திரும்பச் சேர்த்து வரி போடுவதும் உண்டு.

எனவே சோதனைப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தோம்: ஒரே பான் எண்ணில் இரண்டாவது லெட்ஜர் திறக்கப் போனால் மென்பொருள் தடுக்கிறதா, குறைந்தது எச்சரிக்கிறதா? இரண்டாவது மென்பொருள் எச்சரித்தது. முதலாவது அப்போது பேசாமல் திறந்துகொண்டது, ஆனால் பான் வாரியாகக் கூட்டித் தரும் அறிக்கை இருந்தது. மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பது பெரியவரின் வேலைப் பட்டியலில் சேர்ந்தது.

அந்த 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திருப்பூரில் வேறொரு பேச்சுத்தான் பெரிதாக இருந்தது: அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதில் சொன்ன நாளிலும், அதிகபட்சம் 45 நாளிலும் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்தச் செலவு அந்த வருஷக் கணக்கில் கழியாது. பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கழியும். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இது அமல். ஜாப் ஒர்க் பணம் இரண்டு மூன்று மாதம் இழுப்பது வழக்கமாகிப்போன ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நாலு ஓவர்லாக் மெஷினை வீட்டு முன்னறையில் போட்டு ஓட்டும் குடும்பம், தைத்துக் கொடுத்த காசுக்கு மூன்று மாதம் நடக்கக் கூடாது.

ஆனால் இதை மென்பொருளில் பார்ப்பது சுலபமில்லை. நடுத்தர நிறுவனமாகிய நூற்பாலைக்கு இது பொருந்தாது. நூல் வாங்கி விற்கும் வியாபாரி, குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் அவருக்கும் பொருந்தாது. தைப்பவருக்கும் சாயம் போடுபவருக்கும், குறு அல்லது சிறு என்று பதிவு இருந்தால், பொருந்தும். ஆக, பார்ட்டி ஒவ்வொருவருக்கும் வகை, தொழில், ஒப்பந்த நாள் மூன்றையும் எழுதி வைக்க இடம் வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். வரும் வாரத்தில் யாருக்கெல்லாம் கெடு முடிகிறது என்று சனிக்கிழமை காலை ஒரு தாளில் வர வேண்டும், ஏனென்றால் இங்கே பட்டுவாடா சனிக்கிழமைதான். அந்தத் தாள் மூன்றிலும் தயாராக இல்லை. முதலாவதில் அதைத் தனியாக எழுதித் தர ஒப்புக்கொண்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பு ஏறக்குறைய அங்கேயே ஆகிவிட்டது.

விலை, வெளியே வரும் வழி

விலையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷ விலையைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்குக் கூட்டினோம்: ஆள் கணக்குச் சந்தா, புதுப்பிக்கும் கட்டணம், தனியாக எழுதித் தந்த அறிக்கைக்கான பராமரிப்பு, பயிற்சி. முதல் வருஷம் மிக மலிவாகத் தெரிந்த சந்தா வகை, ஆறு பேர் பயன்படுத்தினால் நான்காம் வருஷத்தில் மற்றதைத் தாண்டியது.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, பிரிந்து போக முடியுமா என்பது. கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எட்டு வருஷத்துக்குள் மென்பொருள் கம்பெனியே இல்லாமல் போகலாம், நமக்கே மாற்றத் தோன்றலாம். ஏற்றிய அக்டோபர் மாதக் கணக்கை, வவுச்சர் வாரியாக, எக்செல் கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொன்னோம். முதல் இரண்டும் பத்து நிமிடத்தில் தந்தன. மூன்றாவது பிடிஎஃப் தந்தது. பிடிஎஃப் என்பது படிக்கத்தான் ஆகும், வேறொன்றில் ஏற்ற ஆகாது.

இணையவழி மென்பொருள் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: கணக்கின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்பது 2022-இல் வந்த திருத்தம். இதை வாய்ச்சொல்லாகக் கேட்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இருக்கும் கணினி என்றால் அந்தப் பொறுப்பு நம்முடையது. நாங்கள் இரவு தானாக நகல் எடுக்க ஏற்பாடு செய்து, வாரம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து பார்ப்பதையும் வழக்கமாக்கினோம். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

ஏப்ரல் 1-க்குப் பிறகு

மார்ச் மாதம் முழுக்கப் பழையதிலும் புதியதிலும் சேர்த்து எழுதினோம். 31-ஆம் தேதி இரண்டு டிரையல் பேலன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது 14,300 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடினோம். தவறு பழையதில் இருந்தது. ஏஜென்ட் கமிஷன் ஒன்றை இரண்டு தடவை எழுதியிருந்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் புதியது மட்டும். 2023-24-க்கான தணிக்கை அறிக்கையில், ஆண்டு முழுக்க மாற்றப் பதிவு இல்லாத மென்பொருள் பயன்படுத்தப்பட்டது என்று ஆடிட்டர் எழுதத்தான் செய்தார். அதை மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. 2024-25 அறிக்கையில் அந்த வரி இல்லை.

சுலபமாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். முதல் ஆறு வாரம் டிசி ஏற்றுவது தினமும் இரவு எட்டு மணி வரை இழுத்தது. ஸ்டோரில் சரக்கு எடை போட்டு அனுப்பும் தம்பியை நாங்கள் தேர்வின்போது சேர்க்கவே இல்லை. டிசி பிறப்பது அவர் கையில். நாங்களோ ஆபீஸில் உட்கார்ந்து யோசித்திருந்தோம். மே மாதம் ஸ்டோரிலேயே ஒரு கணினி வைத்து, எடை போட்ட இடத்திலேயே ஏற்றச் சொன்ன பிறகுதான் வேலை சீரானது. வாரச் சம்பளம் இன்னும் எக்செல்லில்தான் இருக்கிறது. ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட் எல்லாம் கலந்த அந்தக் கணக்கு எதிலும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. மொத்தத் தொகையை மட்டும் சனிக்கிழமை ஒரு வவுச்சராகக் கொண்டுவருகிறோம்.

தேர்வின்போது செய்த ஒரு சின்னச் சோதனை ஒன்றரை வருஷம் கழித்துக் கைகொடுத்தது. வரி விகிதத்தைத் தேதி வாரியாக மாற்ற முடிகிறதா, பழைய பில்லுக்கான கிரெடிட் நோட் பழைய விகிதத்திலேயே போகிறதா என்று பார்த்திருந்தோம். 2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி மாறியது. அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்று முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. இவர்களின் 1,200 ரூபாய் ஹூடி 12-லிருந்து 5-க்கு வந்தது. 21-ஆம் தேதி இரவு பெரியவரே உட்கார்ந்து, தேதியைக் கொடுத்து விகிதத்தை மாற்றினார். ஆகஸ்டில் போன ஹூடி டெல்லியிலிருந்து தீபாவளிக்குப் பிறகு திரும்பி வந்தபோது, கிரெடிட் நோட் 12 சதவீதத்திலேயே போனது. என்னைக் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஐடிசி-04-க்கு இப்போது அரை நாள். டையிங் கழிவில் பெருக்கல் குறி விழும் டிசிகள் மாதக் கடைசியில் தனித் தாளாக வருகின்றன. அதை எடுத்துக்கொண்டுதான் முதலாளி சாயப்பட்டறைக்குப் போகிறார். 43பி(எச்) தாள் சனிக்கிழமை காலை அவர் மேசையில் இருக்கிறது. முதல் ஆண்டில் கெடு தாண்டியவை சில இருந்தன. இரண்டாம் ஆண்டு மார்ச்சில் இரண்டே பார்ட்டிகள்.

2025 மார்ச் 31 சரக்குக் கணக்கெடுப்புக்கு நானும் போயிருந்தேன். வெளியே ஜாப் ஒர்க்கில் கிடக்கும் சரக்கு எவ்வளவு என்று மென்பொருளே சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போன் செய்தோம். எல்லாம் ஒத்துப்போனது, நிட்டிங்கில் ஒரு இடத்தைத் தவிர. அங்கே நூல் இரண்டு பை குறைந்தது. பெரியவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துர்றனுங்க மேடம்" என்று கிளம்பினார். டிசி புத்தகத்தை எடுக்கவில்லை. ஸ்டோர் தம்பி அடித்துக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.